விண்டோஸ் 10 கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறலாமா?

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது தம்பி. ஆனா சப்போர்ட் முடிஞ்சு போச்சுன்னு ஸ்கிரீன்ல காட்டுது. இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா?"

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, இந்தக் கேள்வி என் சர்வீஸ் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் கணினியிலேயே மூழ்கிக் கிடப்பவர்கள் அல்ல. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் அம்மா, கோர்ட் வாசலில் டைப்பிங் சென்டர் நடத்துகிறவர். நால்வருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. கடையில் நின்றபடி அவசரமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இந்த நிலை என்பது தெரிய வேண்டும். விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிறகு வந்ததோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பாதியில்தான். 2015, 2016இல் வாங்கிய ஐ3, ஐ5 கணினிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டன. அவற்றில் பழுது எதுவும் இல்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக ஓடும். அப்படிப்பட்ட ஒன்றைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அப்படியே வைத்துக்கொள்வது முதல் வழி. இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றும் செய்யாமல் அப்டேட் வராத விண்டோஸ் 10இலேயே பேங்க் வேலையும் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்வது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 30 டாலர் கட்டலாம், 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசே வேண்டாம். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான பட்டன் இருக்கும். யோசிக்க அவகாசம் தேவைப்படுகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் அவகாசம் மட்டும்தான்.

விண்டோஸ் 11இன் சோதனைகளைத் தாண்டிக் குதித்து, தகுதியில்லாத கணினியில் அதை ஏற்றுவது இரண்டாவது வழி. ரூஃபஸ் போன்ற மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது இரண்டு டிக் போட்டால் நடந்துவிடும். கடைகளில் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். நான் என் சொந்தக் கணினியில் செய்து பார்த்திருக்கிறேன், அடுத்தவர் கணினியில் செய்வதில்லை. இப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு அந்த நிச்சயமின்மையைக் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

புதிது வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் இருந்து, விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை வைத்துத்தான் பிழைப்பு என்றால் வாங்கிவிடுங்கள்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்ற இயங்குதளமும் உண்டு. இலவசம், 4 ஜிபி ரேம் போதும், பழைய லேப்டாப்பில் அழகாக ஓடுகிறது. ஆனால் பிரவுசரைத் தாண்டி அதில் அதிகம் இல்லை. ஆண்ட்ராய்டு ஆப் எதுவும் ஓடாது, எல்லாம் கூகுள் கணக்கோடு கட்டிப்போட்டது. நெட் இல்லாத நேரத்தில் கைகட்டி உட்கார வேண்டியதுதான்.

மீதி இருப்பது, விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னோர் இயங்குதளமான லினக்ஸ். விலையைச் சொல்லி லினக்ஸை யாருக்கும் புரியவைக்க முடியாது என்பதைப் பத்து வருஷத்தில் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் விண்டோஸ் உரிமத்துக்குக் காசு, லினக்ஸ் இலவசம் என்று சொன்னால் எடுபடலாம். நம்மூரில் அசெம்பிள் செய்த கணினியில் விண்டோஸும் இலவசமாகத்தான் வந்தது. உரிமம் வாங்காமலே விண்டோஸை ஓடவைக்கும் ஆக்டிவேட்டரைக் கடைக்காரரே போட்டுக் கொடுத்துவிடுவார், ஆஃபீஸும் அப்படியே. உரிமம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் போய் "இது இலவசம்" என்றால், "அதுவும் இலவசம்தானே?" என்பார். அவர் கேட்பது நியாயம்தான். அந்த ஆக்டிவேட்டர் கோப்புகளோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை நிறுத்தினால்தான் ஆக்டிவேட்டர் ஓடும் என்று கடைக்காரரே நிறுத்திவைத்துவிடுகிறார். அந்தக் கணினியில்தான் பையன் நெட் பேங்கிங்கில் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறான்.

ஆகவே, நான் லினக்ஸைச் சொல்வதற்குக் காரணம் காசு அல்ல. நேர்வழியில் கிடைக்கிறது, அப்டேட் வருகிறது, பழைய இரும்பில் இலகுவாக ஓடுகிறது. இந்த மூன்றும்தான்.

எந்த லினக்ஸ்? பழக்கமில்லாதவர்களுக்கு நான் போடுவது லினக்ஸ் மின்ட். 2006இலிருந்து வருகிறது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ரேம் 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இன்னும் அலங்காரமாக வேண்டுமென்றால் சோரின் என்ற லினக்ஸ் இருக்கிறது. அதன் 18ஆம் பதிப்பை விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் வெளியிட்டார்கள்.

ஆசிரியரின் கணினி நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். பவர் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். அவர் வீட்டிலேயே பென்டிரைவைச் செருகி, எஃப்12 அழுத்தி, எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிக் காட்டினேன். இந்த வசதி தெரியாததால்தான் பலர் பயப்படுகிறார்கள். ஹார்டு டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. பென்டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே வரும்.

யூடியூபில் சொற்பொழிவு ஓடியது, வாட்ஸ்அப் வெப் திறந்தது. மகன் அமெரிக்காவிலிருந்து ஜூமில் பேசுவார், அதுவும் சரி. பிறகு அவர் கேட்டார்: "தமிழ்ல அடிக்கணுமே, என் வானவில் எங்க?"

தமிழ் எழுதுகிறவர்களுக்கு முடிச்சு விழும் இடம் இதுதான். இதை மற்ற மொழிக் கட்டுரைகள் சொல்லாது. நம்மிடம் இரண்டு காலத்துத் தமிழ் கணினிக்குள் இருக்கிறது. ஒன்று, எந்தக் கணினியிலும் போனிலும் அப்படியே தெரியும் யூனிகோடு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னொன்று. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆசிரியரிடம் பத்து வருஷத்துக் கட்டுரைகள் வானவில்லில் இருந்தன.

எழுத்துருக் கோப்பை நகலெடுத்து, இருமுறை கிளிக் செய்து, இன்ஸ்டால் கொடுத்ததும், மின்டோடு வரும் இலவச ஆஃபீஸ் மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில் அவருடைய பழைய கட்டுரைகள் தமிழாகத் திறந்தன. படிக்கலாம், அச்செடுக்கலாம். ஆனால் வானவில்லின் தட்டச்சு மென்பொருள் விண்டோஸுக்கானது, அது இங்கே வராது. புதிதாக அடிப்பதற்கு மின்டின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்99 இருக்கிறது. டைப்ரைட்டர் முறையோ ஒலிபெயர்ப்பு முறையோ வேண்டுமென்றால் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருட்களைச் சேர்த்து நிறுவ வேண்டும்; அவருக்கு அவற்றையும் நிறுவி டைப்ரைட்டர் முறையைப் போட்டுக் கொடுத்தேன். பள்ளியில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர் அவர். விசைகள் அவர் விரல் பழகிய இடத்திலேயே இருந்தன. ஓரிரு குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, "இது யூனிகோடா? அப்படியே வாட்ஸ்அப்புல போடலாமா?" என்று கேட்டார். போடலாம் என்றேன். பழைய கணினியில் அடித்ததைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்.

மாணவியின் வீட்டில் வேறு மாதிரி. அவள் பார்ப்பது வீடியோ, பிடிஎஃப், கூகுள் கிளாஸ்ரூம். பைத்தான் பாடத்துக்கு லினக்ஸே வசதி. எல்லாம் சரியாகப் போனது, அவள் அம்மா ஒரு நாள் வினாத்தாள் கோப்போடு வரும் வரை. அவர் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வேர்டில் லதா எழுத்துருவில் அடித்த இரண்டு பக்க வினாத்தாள், லிப்ரே ஆஃபீஸில் மூன்றாம் பக்கத்துக்கு வழிந்துவிட்டது. கடைசிக் கேள்வியின் நான்கு விடைகள் தனியாக ஒரு தாளில்! காரணம் எளிது. லதா மைக்ரோசாஃப்டின் எழுத்துரு, மின்டில் கிடையாது. அதற்குப் பதில் வந்த நோட்டோ தமிழின் எழுத்து அகலமும் வரி உயரமும் வேறு. ஆங்கிலத்தில் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் கேலிப்ரிக்கும் அதே அகலத்தில் மாற்று எழுத்துருக்கள் லினக்ஸ் பக்கம் உண்டு. தமிழுக்கு அந்த வேலையை யாராவது செய்ய வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். அதுவரை ஒரே வழி: அனுப்புகிறவரும் பெறுகிறவரும் நோட்டோ போன்ற ஓர் இலவச எழுத்துருவுக்கு மாறிக்கொள்வது, அல்லது பிடிஎஃப்பாக அனுப்புவது. அந்தப் பள்ளியில் பிடிஎஃப்புக்குச் சம்மதித்தார்கள்.

மற்ற இருவருக்கும் நான் லினக்ஸ் போடவில்லை.

ஜவுளிக்கடைக் கணக்கு டேலியில் இருக்கிறது. டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஒயின் என்ற இடைமென்பொருளில் ஓட்டிவிடலாம் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். மார்ச் 31 ராத்திரி அது நின்றுபோனால் யார் பதில் சொல்வது? தனிநபர் தொழில் என்றால் ஜிஎஸ்டி தாக்கலுக்கு மொபைலில் வரும் ஓடிபி போதும், அதற்கு எந்தப் பிரவுசரும் சரிதான். கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். உங்கள் டோக்கனின் டிரைவர் லினக்ஸில் ஓடுகிறதா என்று சோதிக்காமல் அந்தக் கணினியில் கை வைக்கக் கூடாது. அவருக்கு நீட்டிப்பு அப்டேட்டைப் போட்டுக் கொடுத்து, தீபாவளி வியாபாரம் முடிந்ததும் விண்டோஸ் 11 கணினி வாங்கச் சொன்னேன்.

டைப்பிங் சென்டர்காரர் கதையும் அதேதான். பேஜ்மேக்கர், பழைய போட்டோஷாப், முத்திரைத்தாள் அளவுக்கு ஏற்றபடி வருஷக்கணக்காகச் செதுக்கிவைத்த வேர்டு டெம்ப்ளேட்டுகள். அதே வேலைகளுக்கு லினக்ஸில் கிடைக்கும் ஸ்கிரைபஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் நல்ல மென்பொருட்கள், ஜிம்ப் 3.0 வெளிவந்த பிறகு நானே கடை நோட்டீஸை அதில்தான் செய்கிறேன். ஆனால் வெளியே நான்கு வக்கீல் குமாஸ்தாக்கள் காத்திருக்கும்போது ஒருவர் புது மென்பொருள் பழக முடியாது. போதாக்குறைக்கு பிரிண்டர். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கக்கூடிய கேனன் எல்பிபி2900, கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவது. லினக்ஸில் அதை ஓடவைக்க மெனக்கெட வேண்டும். ஹெச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஹெச்பிலிப் என்ற டிரைவர் மூலம் ஓடிவிடும், சிலவற்றுக்கு மட்டும் தனி பிளகின் இறக்க வேண்டும். பிரிண்டர் இருக்கும் வீட்டில் நான் முதலில் பார்ப்பது அதன் மாடல் எண்ணைத்தான், கணினியை அப்புறம்தான்.

விளையாடுகிற பிள்ளைகள் இருந்தால் என்ன விளையாட்டு என்று கேளுங்கள். லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவி வந்த 2022க்குப் பிறகு, புரோட்டான் என்ற இடைமென்பொருள் வழியாக ஏராளமான விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடுகின்றன. வாலரன்ட் ஓடாது.

சரி, தனித்தனி ஆட்கள் இருக்கட்டும். சாதாரண மக்கள் மொத்தமாக இந்தப் பக்கம் வருவார்களா?

இது நமக்குப் புதிய கேள்வி அல்ல. ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. அதற்கு முன்பே, 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் லினக்ஸ் போய்ச் சேர்ந்தது, அதுவும் வீட்டுக்குள்ளேயே. உலகத்தில் எத்தனை மாநிலங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்கும்?

அந்த லேப்டாப்கள் என் கடைக்கு வந்தன. வந்தவர்கள் பெரும்பாலும் கேட்டது ஒன்றே: "அண்ணா, இந்த ரெண்டாவதா வர்றதை எடுத்துட்டு முழுசா விண்டோஸ் போட்டுக் குடுங்க." நானே எத்தனையோ லேப்டாப்களில் அதை அழித்துக் கொடுத்திருக்கிறேன். பாஸ் மோசமாக இருந்தது என்பதல்ல காரணம். பள்ளியில் யாரும் அதைத் திறந்து காட்டவில்லை. கேட்டால் சொல்ல ஆசிரியருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தெரியாது. தெரிந்திருந்த நானும் உட்கார்ந்து சொல்லித்தராமல் கேட்டதைச் செய்து அனுப்பினேன். அது இன்றும் உறுத்துகிறது.

கேரளத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பாடப்புத்தகம் லினக்ஸை வைத்து எழுதப்பட்டது, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே அதில் நடந்தது. அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனம் 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பைப் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்காகத் தயாரித்தது. அங்கே பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வகுப்பிலேயே ஆள் இருக்கிறார்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்து வருஷம் பாடுபட்டு, ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோனது. 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போகத் தீர்மானித்தார்கள். அரசியல், ஊழியர்களின் புகார், வெளியிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறக்காதது என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அந்த மூன்றாவது காரணத்தைப் படித்தபோது அந்த வினாத்தாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இப்போது அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 ஊழியர்களோடு மறுபடி முயல்கிறது. இந்த முறை முதலில் லிப்ரே ஆஃபீஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையில். பழகிய மென்பொருளை விண்டோஸிலேயே மாற்றிவிட்டு, அடியில் இருப்பதைக் கடைசியில் மாற்றுவது. வீட்டிலும் இந்த வரிசைதான் சரி.

ஆகவே நான் சொல்வது: பிரவுசரிலேயே எல்லா வேலையும் முடிகிற வீடு இன்றே மாறலாம், எந்த இழப்பும் இல்லை. விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரே ஒரு மென்பொருளை நம்பி வயிறு கழுவுகிறவர் மாறக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் மாறுவதும் மாறாததும் லினக்ஸின் தரத்தைப் பொறுத்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை வைஃபை வரவில்லை என்றால் போன் செய்து கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

மாறுவதாக முடிவு செய்தவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. போட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இன்னோர் இடத்தில் ஒன்று என இரண்டு நகல் எடுங்கள். விண்டோஸில் இருக்கும்போதே லிப்ரே ஆஃபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் ஒரு மாதம் பழகுங்கள். அப்புறம் பென்டிரைவிலிருந்து மின்டை ஓட்டி பிரிண்டர், ஸ்பீக்கர், கேமரா, வைஃபை நான்கையும் சோதியுங்கள். வைஃபை தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். மொபைலை யூஎஸ்பி ஒயரில் இணைத்து டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும், மின்டில் உள்ள டிரைவர் மேனேஜர் தேவையானதை இறக்கிக்கொள்ளும். நான்கும் சரியென்றால் நிறுவுங்கள். ஆசை விடாவிட்டால் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் விண்டோஸ் பக்கத்தில் பேங்க் வேலை வேண்டாம்.

ஆசிரியர் போன மாதம் வந்து அந்த மின்ட் பென்டிரைவை இரவல் கேட்டார். அவருடைய நடைப்பயிற்சி நண்பர் ஒருவரின் லேப்டாப்புக்காம். கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் ஒரே ஒரு முறைதான் போன் வந்தது: எஃப்12 அழுத்தினால் ஒன்றும் வரவில்லை என்றார். என்ன கம்பெனி லேப்டாப் என்று கேட்டேன். ஹெச்பி என்றார். அப்படியானால் எஃப்9 என்றேன்.